பன்னிரண்டாம் பத்தியின் ஓரம்

எங்கள் சட்டக் கல்லூரியின் ஆய்விதழ் முப்பது ஆண்டுகள் அச்சில் வந்தது. எழுதியவர்கள் மட்டும் படித்தார்கள். சில சமயம் அவர்களும் படிக்கவில்லை. இந்த ஆண்டு அதை இணையத்துக்குக் கொண்டுவந்தவள் நான். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் வாசகர் குறிப்பு எழுதலாம், படம் இணைக்கலாம், கட்டுரையாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். இதற்காகக் கூட்டத்தில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினேன்.

“வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுட்டு, குத்துதே குடையுதேன்னு என்கிட்ட வராதீங்க மேடம்,” என்றார் கல்லூரி முதல்வர். “ஒரு வாரம் பாப்போம். உருப்படியா ஒரு குறிப்பு வரலைன்னா ஓரத்தை மூடிடணும்.”

இணையத்தில் வந்த முதல் இதழின் முதல் கட்டுரை என்னுடையது. காலங்கடந்த மேல்முறையீடுகளைப் பற்றி இரண்டு ஆண்டு உழைத்து எழுதியது. அடுத்த மாதம் பேராசிரியர் பதவிக்கான நேர்காணலில் அதைத்தான் நம்பியிருந்தேன்.

ஐந்து நாளில் இரண்டு குறிப்புகள் வந்தன. ஒன்று, ‘அருமை’. மற்றது, ‘மிக அருமை’. இரண்டும் என் வீட்டுக்காரர் வேலை.

“பல் டாக்டருக்குச் சட்டத்துல என்ன அருமை தெரிஞ்சுது?”

“நீ எழுதினதுன்னு தெரிஞ்சுது.”

ஆறாம் நாள் காலை, பன்னிரண்டாம் பத்தியின் ஓரத்தில் மூன்றாவது குறிப்பு. அந்தப் பத்தியில் ஒரு பழைய வழக்கு இருந்தது. நான்கு மாதம் தாமதமாக மேல்முறையீடு செய்து வீட்டை இழந்தவரை, ‘தன் உரிமையின் மேல் தலைவைத்துத் தூங்கிய மனிதர்’ என்று எழுதியிருந்தேன். அந்த வரியில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

‘அவர் என் அப்பா. தூங்கவில்லை. தீர்ப்பு வந்த மறுநாளே நகல் கேட்டு மனுப் போட்டார். நகல் கைக்கு வர நான்கு மாதம் ஆனது. அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்.’

குறிப்போடு இணைத்திருந்த படத்தைப் பெரிதாக்கினேன். மனுப் போட்ட தேதி, நகல் கொடுத்த தேதி, இரண்டுக்கும் நீதிமன்ற முத்திரை. நகலுக்குக் காத்திருந்த நாட்களைத் தாமதமாகக் கணக்கிடக் கூடாது என்பது முதலாண்டு மாணவருக்கே தெரியும். அவருடைய வக்கீல் இந்தத் தாளைக் காட்டவே இல்லை போலிருக்கிறது. தீர்ப்புத் தொகுப்புகள் தீர்ப்பை அச்சிடும், நகலின் பின்பக்கத்தை அச்சிடாது. நாங்களோ தொகுப்பைத் தாண்டி எதையும் புரட்டுவதில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

முதல்வரும் பார்த்துவிட்டார். என் அறைக்கே வந்து கதவைச் சாத்தினார்.

“நீக்குற அதிகாரம் உங்ககிட்டதான் இருக்கு. நேர்காணல் நல்லபடியா முடியணும். அந்தக் குறிப்பை இப்பவே எடுத்துட்டு ஓரத்தையும் மூடிடுங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கலாம்.”

நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் போன பிறகு சுட்டியை ‘நீக்கு’ பொத்தான் மேல் கொண்டுபோய் வைத்தேன். அழுத்த ஆசையாகவும் இருந்தது.

பிறகு பதில் பெட்டியைத் திறந்தேன். ‘பன்னிரண்டாம் பத்தி தவறு. அதை நம்பி நிற்கும் என் கட்டுரையின் முடிவும் தவறு. உங்கள் அப்பா ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. என்னை மன்னியுங்கள்.’

கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

‘வீடு போனது போகட்டும் மேடம். அப்பா அசட்டையாக இருந்ததால்தான் வழக்கு தோற்றது என்று வக்கீல் அன்றைக்குச் சொன்னார். அம்மா அதை நம்பி, அப்பா சாகும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீங்கள் எழுதியதை இப்போது அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் வாசி என்கிறாள்.’