அறுபதாம் இதழில் ஆடு இல்லை

மடக்கி வைக்கிற இஸ்திரி மேசை ஒன்று வீட்டுக்கு வந்த அன்றுதான், இருபது வருஷமாக இஸ்திரி மேசையாக உழைத்துக்கொண்டிருந்த இரும்புப் பெட்டிக்கு ஓய்வு கிடைத்தது. அதன் மேல் கிடந்த கம்பளியை உருவிப் போட்டுவிட்டு, தம்பியின் மனைவி நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, இந்தப் பெட்டியப் பழைய இரும்புக்குப் போட்டுடலாமா? உங்க அம்மா வீட்டுலேர்ந்து வந்ததுதான். சாவி எங்க இருக்குன்னு அந்த மனுஷனுக்கே தெரியல."

"நான் வர்ற வரைக்கும் பூட்ட உடைக்காத. இதோ வந்துட்டேன்."

நாத்தனார் வீடு மூன்று தெரு தள்ளி. குழந்தைகள் வார்டில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊசியைப் பார்த்ததும் ஊரைக் கூட்டுகிற பிள்ளையைக்கூடக் கதை சொல்லி வாயைப் பிளக்க வைத்து, பிளந்த வாய் மூடுவதற்குள் ஊசியைப் போட்டு முடித்துவிடுவாள். தெருவுக்கே அவள் நர்ஸக்கா. அன்றைக்கு அவள் வந்து சேர்ந்த வேகத்தில் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு இருந்தது.

தம்பி சுத்தியலால் ஒரே தட்டு. பூட்டு கழன்று விழுந்தது. உள்ளே அடுக்கடுக்காக 'ஒற்றைக் கையுறை' காமிக்ஸ். வாராவாரம் பதினாறு பக்கம். வலது கையில் மட்டும் கையுறை போட்ட துப்பறிவாளன். அவனுக்கு எதிரி உப்பு மன்னன். ஒன்றாம் நம்பரிலிருந்து எழுபத்திரண்டாம் நம்பர் வரை, நடுவில் ஒன்றே ஒன்றைத் தவிர, அப்படியே இருந்தன.

"அக்கா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டான் தம்பி. அறுபது வயசு, பஸ் ஓட்டி ஓட்டிக் காய்த்துப்போன கை. அந்தக் கை இப்போது ஒரு அட்டையைத் தொடப் பயந்தது. "எல்லாம் இருக்குக்கா. நீ தொலைச்ச அறுபதாம் நம்பரத் தவிர."

"ஆரம்பிச்சுட்டியா?"

"தொலைச்சதக்கூட மன்னிச்சுட்டேன். எனக்கு முன்னாடி படிச்ச பாரு, அதத்தான் மன்னிக்க மாட்டேன்."

சின்ன வயசில் அம்மா வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. புது இதழ் வந்தால், இரண்டு பேரும் ஒரே பாயில் குப்புறப் படுத்து, ஒன்றாகத்தான் அட்டையைத் திருப்ப வேண்டும். ஒருத்தர் வீட்டில் இல்லையென்றால் மற்றவர் தொடக்கூடாது. அம்மா முன்னிலையில் சத்தியம் பண்ணிய சட்டம். ஐம்பத்தொன்பதாம் நம்பரில் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒற்றைக் கையுறை ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறான். கீழே வெடிகுண்டுத் திரியில் நெருப்பு ஓடுகிறது. 'அடுத்த வாரம் முடிவு!' என்று கொட்டை எழுத்து. அந்த அடுத்த வாரம் தம்பி பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் இரண்டும் வீங்கிப் படுத்துவிட்டான். இதழ் வாங்க அக்கா மட்டும் போனாள். வருகிற வழியில் பாலத்தில் ஒரு காற்று, கையிலிருந்த இதழ் வாய்க்காலோடு போய்விட்டது.

வீங்கின முகத்தோடு ஜன்னலில் காத்திருந்தவனிடம் என்னத்தைச் சொல்வது? பதிமூன்று வயசு மூளைக்குத் தோன்றியதை அக்கா சொன்னாள். "வர்ற வழியில ஆசை தாங்காம படிச்சுட்டேன்டா. அப்புறம்தான் காத்துல போச்சு. அழாத, முடிவ நான் சொல்றேன்."

சொன்னாள். கலங்கரை விளக்கத்துக் காவல்காரர் வளர்க்கிற தாடி ஆடு, நூற்றி எண்பது படி இறங்கி வந்து, நெருப்பு வந்து சேருவதற்குள் திரியைத் தின்றுவிடுகிறது. உப்பு மன்னன் துரத்த, ஆடு அவன் வேட்டியையும் தின்றுவிடுகிறது. தம்பி வலிக்கிற தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்ததில் கண்ணீர் வந்தது, காய்ச்சல்கூட இறங்கிவிட்டது என்று அம்மா சொன்னாள்.

அட்டையின் பின்பக்கத்தைக்கூட அக்கா பார்த்திருக்கவில்லை. ஆடு முழுக்க முழுக்க அவள் வளர்த்த ஆடு.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. பஸ் ஓட்டப் போனவன், முன் இருக்கையில் உட்காருகிற பிள்ளைகளுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னான். அந்த வழித்தடத்தில் அவனுக்கு 'ஆட்டு டிரைவர்' என்றே பேர். பெற்ற பிள்ளைகளுக்குச் சொன்னான், பேரனுக்குச் சொன்னான். சொல்லி முடிக்கும்போதெல்லாம், "இது புஸ்தகத்துல வந்த கதை, நான் விட்ட கதை இல்ல" என்று அடித்துச் சொல்லுவான். கேட்கும்போதெல்லாம் அக்கா அடுக்களையில் வேலை இருக்கிற மாதிரி எழுந்து போய்விடுவாள்.

பெட்டி இருக்கிற சேதியைக் கேட்டு, நகர நூலகத்தில் பழைய பத்திரிகைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற பெண் மறுநாளே வந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அம்மா, எங்ககிட்ட இதுல மூணே மூணு இதழ்தான் இருக்கு. மொத்தமா யார்கிட்டயும் இல்லன்னுதான் நெனச்சோம். எப்படிம்மா இவ்வளவு நல்லா இருக்கு? ஈரம் படவே இல்லையே!"

"நான்தான் தெனமும் மேல இஸ்திரி போட்டேன்," என்றாள் தம்பியின் மனைவி, பாராட்டுப் பத்திரம் வாங்கப் போகிறவள் மாதிரி.

"அதான் மேல இருக்கிற பத்து மட்டும் அப்பளமா நொறுங்குது," என்றாள் நூலகப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அடியிலிருந்த பத்தில் வெள்ளிப்பூச்சி ஓடியது. அதற்கும் அவளிடம் வழி இருந்தது. "பிளாஸ்டிக் பையில காத்துப் போகாம கட்டி, ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வைங்க. பூச்சி, முட்டை எல்லாம் செத்துடும். வெளிய எடுத்ததும் பையப் பிரிச்சுடாதீங்க. குளிர் முழுக்கப் போகட்டும், ஒரு நாள் ஆகட்டும். இல்லன்னா காகிதம் வேர்த்துடும்."

இரண்டு வாரம் அந்த வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் கட்டிக்குக்கூட இடம் இல்லை. வெளியே எடுத்த அன்று, பையைப் பிரிக்காமல் பார்த்துக்கொள்ள தம்பி நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். "பிரசவ வார்டு வாசல்லகூட இந்த மனுஷன் இப்படி உட்காரல அண்ணி," என்றாள் மனைவி.

அதன் பிறகு செவ்வாயும் வியாழனும் மூன்று பேரும் நூலகத்துக்குப் போனார்கள். மேசை மேல் வெள்ளைத் துணி, மென்மையான பிரஷ், பக்கங்களுக்கு நடுவே வைக்க அமிலமில்லாத தாள். துருப்பிடித்த பின்னைக் கழற்றுவது அக்காவின் வேலை. நரம்பே தெரியாத பிள்ளைக்கு ஊசி ஏற்றிய கை. பின்னை நிமிர்த்தி உருவினால் காகிதத்துக்கு வலிக்காது. அந்த ஓட்டையிலேயே நூலால் தைத்து, உறையில் போட்டு, அட்டைப் பெட்டியில் நிறுத்துவார்கள். தம்பியின் மனைவி தூசி தட்டுவாள். தம்பி தட்டவே மாட்டான். படித்துக்கொண்டிருப்பான்.

"சார், பிரஷ்."

"இரும்மா, இந்தப் படகு கவிழுதான்னு பார்த்துட்டு வர்றேன்."

ஒரு செவ்வாய்க்கிழமை நூலகப் பெண் ஓடி வந்தாள். "'அறுபதாம் நம்பர் தேவை'ன்னு நாம போட்ட நோட்டீஸ் வேலை செஞ்சிடுச்சு! அறுபதாம் நம்பர் கிடைச்சிடுச்சு! பக்கத்து ஊர்ல மருந்துக்கடை வச்சிருந்தவராம். வியாழக்கிழமை அவரே கொண்டு வர்றாராம்."

தம்பி எழுந்து நின்று கையைத் தட்டினான். அக்காவின் கையிலிருந்த பின் மேசையில் விழுந்தது.

"என்ன அண்ணி, மொகமே செத்துப்போச்சு?"

"பின்னு குத்திடுச்சு."

புதனும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை தம்பி வீட்டு வாசல் வரை போனாள். ஒரு தடவை அவன் போனில் யாரிடமோ, "நாளைக்கு அந்த ஆட்டக் கண்ணால பார்க்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். திரும்பிவிட்டாள். ஐம்பது வருஷம் ஏமாற்றியிருக்கிறோம் என்று தெரிந்தால் இவன் இனி நம் பேச்சில் எதை நம்புவான்? அப்பா சாகும்போது இவனைப் பற்றி நல்லதாகச் சொன்னார் என்று சொன்னோமே, அதையும் சந்தேகப்படுவானே, அது நிஜமாச்சே!

வியாழக்கிழமை மருந்துக்கடைக்காரர் வந்தார். அயர்ன் குலையாத சட்டை. மடியில் ஒரு தோல் பை. பைக்குள் ஒரு உறை, உறைக்குள் ஒரு உறை. அதற்குள் அறுபதாம் நம்பர், நேற்று அச்சடித்த மாதிரி.

தம்பி கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான். முதல் பக்கத்தைப் படித்தான். இரண்டாம் பக்கத்தில் புருவம் நெரிந்தது. நாலாம் பக்கத்தில் போலீஸ் படகு வருகிறது, திரியை அணைத்து உப்பு மன்னனுக்கு விலங்கு மாட்டுகிறார்கள், 'நன்றி ஐயா' என்கிறான் ஒற்றைக் கையுறை. சுபம். மிச்சப் பன்னிரண்டு பக்கமும் பல்பொடி விளம்பரம், குறுக்கெழுத்து, அடுத்த தொடர் அறிவிப்பு.

தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். அப்புறம் மேசையில் வைத்து, பஸ்ஸில் செல்லாத டிக்கெட்டைப் பார்த்த மாதிரி தள்ளிவிட்டான்.

"இது டூப்ளிகேட்."

"என்னது?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"ஒரிஜினல்ல ஆடு வரும் சார். ஆடுதான் திரியத் திங்கும். எங்கக்கா படிச்சிருக்கா. யாரோ பின்னாடி அடிச்சு உங்க தலையில கட்டிட்டாங்க."

"பத்து வயசுல எங்கப்பா கையால வாங்கிக் கொடுத்தது சார் இது! ஆடா? உங்க மூளையத்தான் ஆடு தின்னிருக்கு!"

நூலகப் பெண்ணுக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. "சார், மொத இதழ்லேர்ந்து படிச்ச ஒருத்தர் இப்படிச் சொன்னா, நான் பதிவேட்டுல 'சந்தேகத்துக்குரியது'ன்னுதான் எழுதணும்…"

"ஒண்ணும் எழுத வேணாம்மா. நான் எடுத்துட்டுப் போறேன்." அவர் இதழை உறைக்குள் போட்டார், உறையை உறைக்குள் போட்டார். தோல் பையின் வாரை மாட்டப் போனார்.

அக்கா எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சார், மாட்டாதீங்க. அது ஒரிஜினல்தான். ஆடுதான் டூப்ளிகேட்."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள்.

"டேய், நான் படிக்கவே இல்லடா. காத்துல போனது மட்டும்தான் நெஜம். நீ அழுதுடுவியேன்னு வாய்க்கு வந்தத அடிச்சு விட்டேன்."

"அந்த நூத்தி எண்பது படி?"

"நான் சொன்னதுதான்."

"ஆட்டோட தாடி?"

"எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் தாடி."

தம்பி ஜன்னல் பக்கம் போய் நின்றான். அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. "எத்தன பிள்ளைங்ககிட்ட புஸ்தகத்துல வந்ததுன்னு சத்தியம் பண்ணேன் தெரியுமா? என்னப் பொய்யனாக்கிட்டியேக்கா." குரல் உடைந்திருந்தது. அக்கா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

அவன் திரும்பினான். முகத்தில் வேறு ஏதோ ஓடியது.

"இரு. படிக்கவே இல்லன்னா… அப்போ எனக்கு முன்னாடி நீ படிக்கல?"

"அட்டையக்கூடத் திருப்பலடா. சத்தியம் பண்ணியிருந்தோமே."

"ஐம்பது வருஷமா அதச் சொல்லிச் சொல்லித் திட்டியிருக்கேனே! வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலையே நீ?"

"சொன்னா ஆடு செத்துடுமே."

தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டான். "அய்யய்யோ! அப்போ இன்னிக்கு நான்தான்க்கா உனக்கு முன்னாடி படிச்சுட்டேன்!"

அவன் மனைவிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் நூலகப் பெண். அப்புறம் தம்பியின் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று எட்டிப் பார்த்த அக்காவுக்கு, அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. மருந்துக்கடைக்காரரிடம் போய்க் கையைக் கூப்பினான். "மன்னிச்சுடுங்க சார். உங்களுது ஒரிஜினல். நான் வேணா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அவர் பையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உண்மையச் சொல்லட்டுமா? இந்த முடிவப் படிச்சுட்டு அன்னிக்கு மூணு நாள் எங்கப்பாகூடப் பேசல நான். நாலு பக்கத்துல முடிச்சுட்டு பல்பொடியாம். ஏம்மா, அந்த ஆடு… அது எப்படி வந்துச்சு?"

நூலகப் பெண் போனில் ஒலிப்பதிவை அமுக்கி மேசை நடுவில் வைத்தாள். "சொல்லுங்கம்மா. இதுவும் எங்களுக்கு வேணும்."

விழுந்த நாற்காலியை நிமிர்த்தி அக்கா உட்கார்ந்தாள். "அதாவது, கலங்கரை விளக்கத்துல ஒரு காவல்காரர். அவரு ஒரு வெள்ளை ஆடு வளர்க்கிறாரு…"

"கறுப்பு ஆடு," என்றான் தம்பி.

"வெள்ளைடா."

"நீ அன்னிக்குக் கறுப்புன்னுதான் சொன்ன. நெத்தியில மட்டும் வெள்ளை. இருட்டுல ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் படியில எறங்கி வர்றத உப்பு மன்னன் பார்த்து நடுங்குவான்ல? வெள்ளை ஆடா இருந்தா அது எப்படி நடக்கும்?"

"அத நான் சொல்லவே இல்லையே!"

"சொன்ன."

அக்கா யோசித்துப் பார்த்தாள். சொன்னதாக ஞாபகம் இல்லை. ஆனால் நன்றாக இருந்தது. அவள் தன் நாற்காலியை விட்டு எழுந்து, ஒலிப்பதிவு ஓடுகிற போனுக்குப் பக்கத்தில் அதை இழுத்துப் போட்டாள்.

"சரி, நீயே சொல்லு. நான் கேக்கறேன்."

தம்பி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். மருந்துக்கடைக்காரர் தோல் பையைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் நகர்த்தினார்.