யார் வீட்டில் ஓடுகிறது தண்ணீர்?

கோவில்பதாகை ஊரில் மாணவிகளின் ஊர்வலம் இரண்டாவது தெருவுக்குள் திரும்பியபோதுதான் யுவராணி டீச்சருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. காலையில் போட்ட மோட்டாரை நிறுத்தினோமா? அந்த வாரம் அடுக்குமாடியின் மேல்தொட்டியை நிரப்புவது அவள் முறை. டிபன் கட்டியதும் கதவைப் பூட்டியதும் நினைவிருந்தன. சுவிட்சை அணைத்தது மட்டும் நினைவில்லை. எதிர்வீட்டுக்கு இரண்டு முறை போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை.

தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேச அவள் ஒரு மாதமாகப் பழக்கிய ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் முழக்கமிட்டபடி முன்னே போனார்கள். அவளுக்கோ கால் தெருவில் நடந்தது, மனசு வீட்டையே சுற்றியது.

தெருமுனையில் ஐந்து குடங்களோடு அஞ்சலை என்ற பெண் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தாள். வர்ஷா என்ற மாணவி நோட்டீசை நீட்டி, பழகியபடியே ஒப்பித்தாள்: "அம்மா, பல் தேய்க்கும்போது குழாயை மூடிவையுங்கள்."

"எங்க ஊட்ல குழாயே இல்ல கண்ணு. லாரி வந்து நாலு நாள் ஆவுது. இன்னாத்த மூட சொல்ற?" அஞ்சலை கோபப்படவில்லை, கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். "அதோ, அந்த பில்டிங்ல ஊத்திகினே கீது பாரு. அங்க போய் சொல்லு."

மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் சுவரெல்லாம் வழிந்து சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது.

"யார் ஊடு மிஸ் அது?" என்றாள் வர்ஷா.

தெரியாது என்று சொன்னால் முடிந்தது. முப்பது முகங்கள் யுவராணியையே பார்த்தன.

"என் வீடு இருக்கிற பில்டிங்தாம்மா. நான்தான் மோட்டாரை நிறுத்தாம வந்துட்டேன்."

சொல்லிவிட்டு ஓடினாள். சுவிட்சை அணைத்துவிட்டு மூச்சிரைக்கத் திரும்பியபோது யாரும் நகர்ந்திருக்கவில்லை.

"அக்கா, எங்க கீழ்க்குழாயில பிடிச்சுக்குங்க. வாங்க," என்றாள் அஞ்சலையிடம்.

"மத்த ஊட்டுக்காரங்க கத்துவாங்களே."

"நான் பேசிக்கிறேன்."

அஞ்சலை இரண்டு குடங்களை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

யுவராணி மாணவிகள் பக்கம் திரும்பினாள். "தண்ணியே இல்லாதவங்க வாசல்ல வந்து சிக்கனம் பேசிட்டோம். குழாயத் திறந்தா கொட்டுற வீட்லதான் இதச் சொல்லணும். அதுவும், சொல்லிக்கொடுக்கிற நானே அத முதல்ல செஞ்சு காட்டணும்."