பல்லில்லாத ரம்பம்

ஹாஜா முகைதீன் செய்த ரம்பத்துக்குப் பல் கிடையாது. அறந்தாங்கியில் அதைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது அதைத்தான். பல்லில்லாமல் கல்லை எப்படிக் கடிக்கும் என்று கேட்டுவிட்டு, தாங்களே சிரித்துக்கொண்டு போனார்கள். அவன் கோபப்படவில்லை. பினாங்கிலும் அதற்குப் பல் இல்லை என்று மட்டும் சொன்னான். பினாங்கு என்றதும் ஆட்கள் வாயை மூடிக்கொண்டார்கள். கடல் தாண்டிய ஊரில் எது வேண்டுமானாலும் நடக்கும் என்று இங்கே ஒரு நம்பிக்கை.

பினாங்கில் அவன் பார்த்தது டீ ஆற்றும் வேலை. கடைக்கு எதிரே ஒரு சீனனின் கல்பட்டறை. ஏழு வருஷம் டீ ஆற்றியபடியே அங்கே கல் அறுபடுவதைப் பார்த்தான். ஆகவே டீக்கடைப் பக்கமிருந்து தெரிகிற அளவுக்கு அவனுக்கு அந்த வித்தை அத்துப்படி. ரம்பத்துக்கு அடியில் மணலும் தண்ணீரும் விட்டுக்கொண்டே இருப்பார்கள் என்று தெரியும். என்ன மணல் என்று தெரியாது. மணல் குவித்திருந்தது பட்டறையின் பின்பக்கம்.

கல்யாணமான மறு வருஷம் கப்பலேறிச் சபர் போனவன், ஐம்பத்துமூன்று கடைசியில்தான் திரும்பி வந்தான். இடையில் அவனுடைய அத்தா இறந்துபோனார். கிழவருக்குக் கஞ்சி கொடுத்ததும், கடைசி மூச்சின்போது வாயில் தண்ணீர் விட்டதும் மனைவி ரஹ்மத் நிஷா. அவரை அடக்கிய கபரில் அடையாளத்துக்கு இரண்டு செங்கல் நட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த ஹாஜா முகைதீன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரே கல்லை நடுவில் அறுத்து, தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் ஒரே அச்சாக இரண்டு மீசான் கல் நட்டுவிட்டுத்தான் கப்பலேறுவேன் என்று பள்ளிவாசல் வாசலில் வைத்தே சொல்லிவிட்டான். மலாயா சர்க்கார் கொடுத்த பெர்மிட்டில் ஜூலைக் கடைசி என்று போட்டிருந்தது. அதற்குள் பினாங்கில் கால் வைக்காவிட்டால் அது வெறும் காகிதம்.

ரஹ்மத் நிஷா யோசித்தாள். கல் அறுபடாவிட்டால் இந்த மனுஷன் போகமாட்டார். ஜூலை தாண்டிவிட்டால் போகவே முடியாது. மாமனாரும் இல்லாத வீட்டில் இன்னொரு ஏழு வருஷம் சுவரைப் பார்த்துச் சோறு தின்ன அவளால் முடியாது. போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். இந்த ஊரில் சபர் போகிறவனிடம் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. சொன்னால் கப்பலுக்கு ஆகாது. அப்படிச் சொல்லி ஒருத்தி தன் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தாள் என்பார்கள். யார் அந்த ஒருத்தி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் யாரும் சொன்னதில்லை.

ரம்பம் கொல்லையில் வளர்ந்தது. மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டாவைக் கொல்லரிடம் கொடுத்து நிமிர்த்தி, ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டினான். சட்டத்தைப் புளியமரக் கிளையிலிருந்து ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு, விலைக்கு வாங்கிய கல்லை அதன் அடியில் கிடத்தினான். அதை முன்னும் பின்னும் தள்ள ஒரு இஞ்சின் வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர் வீரய்யாவின் கிணறு அந்த வருஷம் வற்றிக் கிடந்ததால், அவருடைய ஆயில் இஞ்சின் சும்மா இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த வீரய்யா இஞ்சினோடு திரும்பி வந்தார். புகையும் இரைச்சலுமாக ரம்பம் ஓட ஆரம்பித்ததும் தெருவில் இருந்த கோழியெல்லாம் அடுத்த தெருவுக்குக் குடிபோயின.

மணல் போடுவது பொம்பளை வேலை என்று இரண்டு ஆண்களும் தீர்மானித்தார்கள். இஞ்சினுக்கு எண்ணெய் விடுவதில் இருக்கிற சூட்சுமம் அதில் இல்லையாம்.

முதலில் வெள்ளாற்று மணல்தான் போட்டாள். கல் வெண்ணெயாக அறுபடவில்லை என்றாலும், சாயங்காலம் பார்த்தால் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இப்படியே போனால் மாசிக்குள் மனுஷன் கப்பலேறிவிடுவார் என்று அவள் கணக்குப் போட்டாள். அந்த வாரம் கட்டுமாவடியிலிருந்து கருவாட்டு வண்டியோடு வந்த அவள் அண்ணன் ஜமால் முகமது, முற்றத்தில் பரப்ப ஆகுமே என்று ஒரு சாக்கு கடல் மணல் இறக்கிவிட்டுப் போனார். ஆற்று மணல் தீர்ந்திருந்த ஒரு மத்தியானம் அதைப் போட்டாள். சாயங்காலம் ஹாஜா முகைதீன் குச்சியை விட்டு அளந்து பார்த்துவிட்டு, குச்சியைத் திருப்பி வைத்தும் அளந்தான். ஒன்றும் இறங்கவில்லை.

ரஹ்மத் நிஷா இரண்டு மணலையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். ஆற்று மணல் குத்தியது. கடல் மணல் கேழ்வரகு மாதிரி உருண்டது. கடிப்பது ரம்பம் இல்லை, மணல்தான் என்று அறந்தாங்கியில் அன்றைக்குத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"அண்ணே, அடுத்த வண்டியில இன்னும் ரெண்டு சாக்கு மணல் போட்டு விடுங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

"என்னத்துக்கு இம்புட்டு? முத்தத்துல பரப்புறியா, ஊரு முழுக்கப் பரப்புறியா?" என்று கேட்டார் ஜமால் முகமது. ஆனாலும் அனுப்பினார்.

புருஷனுக்கும் அந்த மணல் பிடித்துப்போனது. "ஆத்து மண்ணு மாதிரி அழுக்கா இல்ல பாரு. வெள்ள வெளேர்னு சுத்தமா இருக்கு" என்றான். லேசாகக் கருவாட்டு நாற்றம் அடித்தது.

பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. பட்டாவை மாற்றினான். இஞ்சின் பெல்ட்டை இறுக்கினான். கல்லையே குற்றம் சொன்னான். ரஹ்மத் நிஷா தினமும் கலயத்தில் தண்ணீர் நிரப்பி, மணலைக் கை நிறைய அள்ளிப் போட்டு, மூன்று வேளையும் சுடச்சுடச் சமைத்தாள். இத்தனை நாள் சேர்ந்தாற்போல அவன் இந்த வீட்டில் இருந்ததே இல்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ராத்திரி அவன் பெர்மிட்டை எடுத்துத் தேதியைப் பார்க்கிறபோது மட்டும் குற்றவாளி மாதிரி முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வாள்.

கெடுத்தது ஆனி மழை. வீரய்யாவின் கிணற்றில் தண்ணீர் ஊறிவிட்டது.

"பாய், கடலைக்குத் தண்ணி பாச்சணும், எனக்கு இஞ்சின் வேணும். ஒங்க கல்லு இந்த ஜென்மத்துல அறுபடாது போலருக்கே" என்றவர், மணலைக் கையில் எடுத்துப் பார்த்தார். "என்னா இது, மாவு மாதிரி இருக்கு?"

மறுநாளே ஒரு வண்டி வெள்ளாற்றுப் பருமணலைக் கொண்டுவந்து கொட்டினார். மண்வெட்டியால் அவரே அள்ளிப் போட்டார். ரம்பம் கரகரவென்று கத்திக்கொண்டு இறங்கியது. அவ்வளவு மாதம் அசையாமல் கிடந்த கல் நாலைந்து நாளில் அடி வரைக்கும் வந்துவிட்டது. ஜூலைக் கப்பலுக்கு இன்னும் நாள் இருந்தது. நாகப்பட்டினத்துக்கு எந்த பஸ் என்று ஹாஜா முகைதீன் விசாரித்துக்கொண்டு வந்தான்.

கடைசி நாள். இன்னும் ஒரு நூலளவுதான் பாக்கி. வீரய்யா இஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றார். ஹாஜா முகைதீன் கலயத்திலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். ரஹ்மத் நிஷா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிட்டே போய்ச் சொன்னாள்.

"போவாதீங்க."

"என்னா?" என்றான் அவன். இஞ்சின் அலறியது.

"போவாதீங்கன்னேன்!" என்று கத்தினாள்.

"என்னா?"

அப்போது கல் இரண்டாகப் பிரிந்து, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சாய்ந்தது. வீரய்யா இஞ்சினை நிறுத்தினார். கொல்லை முழுக்க அமைதி. அவள் மூன்றாவது தடவையும் சொன்னாள், மெதுவாக.

"போவாதீங்க."

"என்னா?" என்றான்.

வீரய்யாவுக்குப் பொறுக்கவில்லை. "காது அவிஞ்சு போச்சா பாய்? தங்கச்சி ஒங்களப் போவ வேணாங்குது."

"கேட்டுச்சுண்ணே. மொத தடவையே கேட்டுச்சு" என்றான் ஹாஜா முகைதீன். கலயத்திலிருந்த தண்ணீர் முழுக்க அவன் காலிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "சபராளிகிட்டச் சொல்லக்கூடாததச் சொல்லிப்புட்ட. இனிமே நான் எப்புடிக் கப்பல் ஏறுறது?"

ஈர மணலிலேயே உட்கார்ந்து அவள் அழ ஆரம்பித்தாள். சந்தோஷமா பயமா என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் பக்கத்தில் வந்து குந்தினான். சத்தம் போடவில்லை, கோபமும் இல்லை. விலை கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டான்.

"இத மொத தடவ போனப்பவே சொல்லியிருக்கலாமுல்ல?"