கறையென்று சுரண்டியது

சிம்மக்கல்லில் கருத்தக்கண்ணனின் ஸ்டுடியோவுக்கு ஒரு பெயர் உண்டு. அம்மைத் தழும்போ மருவோ, பெண்ணின் போட்டோவை அவரிடம் கொடுத்தால் போதும். நெகட்டிவில் பென்சிலால் தீட்டியும் பிளேடு முனையால் சுரண்டியும் ஆளை அழகாக்கிவிடுவார். அந்தக் கை அன்றைக்கு மட்டும் சும்மா இருந்திருக்கக் கூடாதா!

எண்பத்திரண்டு தை மாதம், தங்கச்சி புருஷன் வெள்ளைத்துரை ஒரு பிலிம் ரோலைக் கொண்டுவந்தான். நாகமலை புதுக்கோட்டைத் தோட்டத்தில், தானே கண்ணாடி தேய்த்து டெலஸ்கோப் செய்து, ஊர் வாயில் விழுந்தவன். தோட்டத்துக்கு எதிரே புது மில் வந்து ராத்திரி பூரா விளக்கெரிகிறது. இனி அங்கே வானம் தெரியாது.

"இதான் மச்சான் கடைசி ரோலு. நட்சத்திரம் எடுத்திருக்கேன், பாத்துக் கழுவுங்க" என்றான். அதற்கு மேல் சொல்லக் கூச்சம். படத்தில் சரியாக விழாமல் போயிருந்தால் மச்சானும் சேர்ந்து சிரிப்பாரே!

கழுவியதில் ஒரே ஒரு படம்தான் தேறியது. அந்த நெகட்டிவிலும் நட்சத்திரங்களின் கரும்புள்ளிகளுக்கு நடுவே அரிசி அளவில் ஒரு கறை. கருத்தக்கண்ணனுக்குப் பகீரென்றது. நம் மருந்துதான் தங்கிவிட்டதோ? மாப்பிள்ளை முன்னால் மானம் போகுமே! லென்ஸை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுத்தமாகச் சுரண்டி எடுத்தார்.

மறுநாள் பிரிண்டை நீட்டினார். "வாங்க மாப்ள. ஒரு அழுக்கு இருக்கா பாருங்க."

வெள்ளைத்துரை திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

"விழலையே மச்சான். நட்சத்திர மண்டலம், நம்ம பால்வெளி மாதிரி வேற ஒண்ணு, எம்புட்டோ தூரத்துல இருக்கு. வானம் நகர நகர, கண்ணை எடுக்காம டெலஸ்கோப்பையும் நகத்திக்கிட்டே இருந்தேன். என் கைதான் ஆடிருச்சு போல."

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவன் கையோடு போயிருக்கும். கருத்தக்கண்ணனுக்கு மனசு கேட்கவில்லை.

"விழுந்துச்சு மாப்ள. நான்தான் கறைன்னு நெனச்சு சுரண்டிப்புட்டேன். பாவி நான்."

திட்டுவான் என்று தலை குனிந்து நின்றார். அவன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"எப்படி இருந்துச்சு? டெலஸ்கோப்புல எனக்கு வெறும் புகை மாதிரிதான் தெரிஞ்சுச்சு. முழுசா நீங்க ஒருத்தர்தானே பாத்திருக்கீங்க."

"நடுவுல கம்பி மாதிரி நேரா ஒரு கோடு. அதோட ரெண்டு முனையிலருந்தும் கை மாதிரி ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படி வளைஞ்சு... மேல உள்ளது கொஞ்சம் நீளம். அதைத்தான் கடைசியாச் சுரண்டுனேன்."

"ரெண்டு கையும் விழுந்துச்சா?" வெள்ளைத்துரை கண்ணை மூடிக்கொண்டான். "இன்னொரு தடவ சொல்லுங்க மச்சான்."