மாற்று இருந்த இடம்

பதினொன்று இருபதுக்கு ஆய்வகத்தின் கணினி நின்றது. அதே நொடியில் அதன் மாற்றும் நின்றது. திரையில் இரண்டு சிவப்புக் கட்டங்களைச் சேர்ந்தாற்போலப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் பெரிய சர்வர்கள் இரண்டுதான். ஒவ்வொன்றுக்குள்ளும் உடம்பில்லாத கணினிகள் பத்துப் பன்னிரண்டு குடியிருக்கின்றன. மருந்தகத்துக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று என்று. ஆய்வகத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு மாற்று உண்டு. அசலும் மாற்றும் ஒரே சர்வரில் இருக்கக் கூடாது. அது செத்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். இவற்றை நிறுவியபோது நான் எழுதிவைத்த விதிகளில் அதுதான் முதலாவது. புதிதாக வருகிறவர்களிடம் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்வதும் அதைத்தான். தெரியாமல் சேர்த்து வைத்தால் தடுப்பதற்கு ஒரு பூட்டும் போட்டிருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் இரண்டாவது சர்வரில் நினைவகம் கூட்ட வேண்டியிருந்தது. அதைக் காலி செய்வதற்காகப் பூட்டைக் கழற்றி, எல்லாவற்றையும் முதல் சர்வருக்கு ஏற்றினேன். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன். மாற்றை விட்டுவிட்டேன். பூட்டையும் திரும்பப் போடவில்லை. சரிபார்க்க ஒரு பட்டியல் இருக்கிறது, நான் எழுதியதுதான். எழுதியவளுக்கு எதற்குப் பட்டியல் என்ற திமிர், வேறென்ன.

பதினொன்று இருபதுக்குச் செத்தது அந்த முதல் சர்வர். ஐம்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டேன். அதற்குள் மூன்றாம் வார்டில் ஒருவருக்குப் பொட்டாசியம் எகிறியிருந்த ரிப்போர்ட் தாமதமாகப் போய், அவர் இப்போது தீவிர சிகிச்சையில் கிடக்கிறார். அந்த ரிப்போர்ட்டைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு போனவள் என் தங்கை. ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை. இன்னும் ஒன்றரை மாதத்தில் நிரந்தரமாக வேண்டியவள்.

மறுநாள் காலை விசாரணை. கண்காணிப்பாளருக்கு எங்களுக்குள் 'ஏன்' என்று பெயர். அவர் வாயில் வேறு வார்த்தை முதலில் வந்து யாரும் கேட்டதில்லை.

"ஏன் உடனே வார்டுக்குச் சொல்லல?"

"ஃபோன் பண்ணேன் சார். மூணு தடவ. அதுவும் வேல செய்யல. அப்புறம் நானே எடுத்துக்கிட்டு ஓடினேன்."

"ஏன் முதல் தடவையே ஓடல?"

எங்கள் மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சர்வர் பழுதாவது யார் கையிலும் இல்லை, மாற்றும் எப்படியோ எழாமல் போய்விட்டது என்று பூசி மெழுகினார். எழவில்லையாம். அவருக்கு உண்மை தெரியாது. எனக்குத் தெரியும். நான் மேசையைப் பார்த்தபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். தங்கை ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. அக்காவுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நினைத்திருப்பாள். அதுதான் என்னைக் கொன்றது.

மாலை நாலு மணிக்குள் அவள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து என்று முடிவானது.

மூன்றரைக்கு என் அறைக்கு வந்தாள். "அக்கா, நீயே எழுதிக் குடுத்துடு. நான் எழுதினா மன்னிப்பு கேக்கற மாதிரியே வருது."

நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அடிக்க அடிக்கப் படித்துக்கொண்டே வந்தாள். மாற்றும் அதே சர்வரில் இருந்தது, பூட்டு கழற்றப்பட்டிருந்தது, தேதி, நேரம்.

"இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களேக்கா."

"இது உன்னோட கடிதம் இல்ல. என்னோடது."

திரையை விட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு, "காலைல நீயும் அங்கதானே உக்காந்திருந்த" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அச்சு இயந்திரம் கதவோரம் இருக்கிறது. காகிதம் வெளியே வந்ததும் அவள்தான் முதலில் எழுந்து போய் எடுத்தாள். நின்றபடியே முழுவதும் இன்னொரு முறை படித்தாள். நான் எழுந்து கையை நீட்டினேன்.

"ரெண்டு பேருக்குமே வேல போச்சுன்னா அம்மாவ என்னக்கா பண்றது?"

"நீ குடு."

கொடுக்கவில்லை. நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கதவில் சாய்ந்து, காகிதத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் மூச்சுக்கு அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.