கத்திப் பிரஷர்

அந்த வாரம் ஊரில் பாதி ஆண்களுக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. அதற்கு முழுக் காரணம் ரேடியோ.

ரேடியோ என்பது சலூன்காரருக்கு ஊர் வைத்த பெயர். திருகிவிட்டால் நிற்காது, அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று கட்டிய மனைவிக்கே இன்றுவரை தெரியவில்லை. அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார். தன்னைப் பற்றி ஊரில் உலவும் கேலிகளில் நல்லதாக நாலைந்தை அவரே கட்டிக் கிளப்பிவிட்டவர்தானே.

நடந்தது இதுதான். ஊரில் நாற்பதைத் தாண்டிய ஆண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது அதிகமாகிவிட்டது. ஆஸ்பத்திரிப் படியேறச் சொன்னால் ஒருவரும் ஏறுவதில்லை. ஆனால் முடி வளர்வதை யாராலும் நிறுத்த முடியாதே? அதனால் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒரு ஏற்பாடு செய்தார். சலூனில் ஒரு பிரஷர் மெஷின் வைப்பது. பேக்கரிக்காரர் ரொட்டியில் உப்பைப் பாதியாகக் குறைப்பது. பஸ் டிப்போக்காரர்கள் காலையில் தங்கள் மைதானத்தை நடப்பவர்களுக்குத் திறந்துவிடுவது. மூன்று தரப்பையும் ஒரு மேசையில் உட்கார வைத்துப் பேசிக் கைகுலுக்க வைத்தார். ஊர் அதற்குக் 'கூட்டணி' என்று பெயர் சூட்டி, யாருக்கு எத்தனை சீட் என்று டீக்கடையில் விசாரித்தது.

ரேடியோ விஷயத்தை மனதோடு எடுத்துக்கொண்டார். பவுடர் டப்பாவையும் சீப்புகள் நிற்கும் கண்ணாடி டம்ளரையும் ஓரம் தள்ளி மெஷினுக்கு இடம் செய்தார். ஒரே ஒரு சிக்கல்: வருகிறவர்கள் எல்லாம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்தார்கள். சவரம் முடிந்ததும் எழுந்து ஓடுகிற ஆளைப் பிடித்துவைத்து எப்படிப் பிரஷர் பார்ப்பது? யோசித்தார். சவரம் செய்யும்போது போர்த்திய துணிக்கு அடியில் மனுஷனின் கை சும்மாதானே கிடக்கிறது! பட்டையை அந்தக் கையில் சுற்றி, பொத்தானை அமுக்கிவிட்டு, இவர் பாட்டுக்குக் கழுத்தில் கத்தியை இழுத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்தது. இதை இதுவரை உலகத்தில் எவனும் யோசிக்கவில்லையே என்று அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. எவனும் ஏன் யோசிக்கவில்லை என்று யோசித்திருக்கலாம்.

வந்த கையிலெல்லாம் பிரஷர் எகிறியது. ஒவ்வொரு எண்ணையும் பார்த்து "அய்யய்யோ!" என்று அவர் கத்த, அடுத்து உட்கார வேண்டியவர்களுக்குக் காத்திருக்கும் பெஞ்சிலேயே ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தை அளந்து பார்த்த நர்ஸம்மா, அநேகமாக எல்லாருக்கும் சரியாகவே இருப்பதைக் கண்டு, குழம்பிப்போய் நேரே சலூனுக்கு வந்தார்.

நாற்காலியில் தபால்காரர் தலையைப் பின்னால் சாய்த்துக் கிடந்தார். துணிக்கு அடியில் பட்டை புஸ் புஸ் என்று உப்பிக்கொண்டிருந்தது. கழுத்தில் கத்தி. ரேடியோ ஒரு லாரி கவிழ்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். லாரி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைக் கத்தியாலேயே காட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"பிரஷர் பாக்கறேன் சிஸ்டர்."

"கழுத்துல கத்தியை வச்சுக்கிட்டா?"

"கழுத்துல வைக்காம எப்படி சிஸ்டர் சவரம் பண்றது?"

தபால்காரர் உதட்டை அசைக்காமல், "நான் எறங்கிக்கட்டுமா?" என்றார்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஆரம்பத்தில் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னார். முதுகைச் சாய்த்து உட்காரணும். கால் தரையில இருக்கணும். கை மேசை மேல இருக்கணும். அளக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசக் கூடாது.

"அவங்களா, நானா?"

"ரெண்டு பேரும்தான் அண்ணே."

அன்றைக்குத்தான் ரேடியோவுக்குத் தன்னுடைய பிரஷர் ஏறுவது தெரிந்தது.

ஊர் விடுமா? 'கத்திப் பிரஷர்' என்று ஒரு புது வியாதியே உருவானது. மாமனார் வீட்டுக்கு வருவது, மேலதிகாரி பரிசோதனைக்கு வருவது, எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் பொருந்தியது. மெஷின் பக்கம் ஒருவரும் கையை நீட்டவில்லை. உப்புக் குறைந்த ரொட்டியை ஏற்கெனவே முனகிக்கொண்டே மென்றவர்கள், இந்தச் சாக்கில் பேக்கரி வாசலில் குரல் உயர்த்தினார்கள். பேக்கரிக்காரர் பழைய உப்புக்கே திரும்பிவிட்டு, "நான் கூட்டணியிலேர்ந்து விலகிட்டேன். வேணும்னா வெளியிலேர்ந்து ஆதரவு தர்றேன்" என்று அறிவித்தார். அந்த நகைச்சுவைக்கு ரேடியோவே முதலில் சிரித்தார். இரண்டு நாள் கழித்து ஒரு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தார்.

"ஏங்க, எல்லாருக்கும் திரும்பப் பாத்தாச்சாம். சரியா இருக்காம்" என்றாள் மனைவி. "எங்கண்ணன் மட்டும் ஆஸ்பத்திரிக்கே போகலியாம். சிஸ்டர் வழியில பாத்துச் சொன்னாங்க."

பேக்கரிக்காரர் அவளுடைய அண்ணன். ரேடியோவுக்கு மச்சான், அதற்கும் முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவர்களுக்கு மூத்த அண்ணன் ஒருவர் இருந்தார். பேக்கரியை ஆரம்பித்தவர் அவர்தான். அடுப்பு வாயில் நின்று தட்டை இழுத்தவர் அப்படியே சரிந்தார், எழவில்லை. இப்போது அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே வயதில், இவர் நின்று தட்டை இழுக்கிறார்.

கத்தி வைத்து அளந்த அந்தக் கைகளிலேயே மச்சானுடைய எண்தான் எல்லாரையும் விட மேலே போயிருந்தது. ரேடியோவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. பெரிய எண்ணாக வந்ததும் இரட்டிப்புச் சத்தமாக "அய்யய்யோ" சொன்னவர் அவர்தானே. கத்திக்குப் பயந்து ஏறியதில் உண்மையாகவே ஏறியதும் கலந்துபோயிருந்தால்? மச்சான் ஒளிந்துகொள்ள ஒரு சுவர் தேடியிருக்கிறார். நாம் சாந்து குழைத்துக் கட்டிக் கொடுத்திருக்கிறோம். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"நாளைக்குப் போய் இழுத்துட்டு வர்றேன்" என்றார்.

"நீங்க இழுத்தா வர மாட்டான். பேசிக்கிட்டே இருப்பீங்க, அவனும் பேசிக்கிட்டே இருப்பான். ரெண்டு பேரும் சிரிச்சிட்டு வந்துடுவீங்க."

அப்படியேதான் ஆனது. பேக்கரியின் பின்கட்டில் மாவு தூசியாக மிதந்துகொண்டிருந்தது. மச்சான் ஒரு தட்டை அடுப்பிலிருந்து அலமாரிக்குக் கொண்டுபோகும் வழியில் நின்று, தட்டை மேசை விளிம்பில் சாய்த்து, மூச்சு வாங்கிவிட்டு மறுபடி தூக்கினார். முன்பெல்லாம் இரண்டு தட்டை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு விசிலடித்துக்கொண்டே நடப்பார்.

"என்ன மச்சான், நெஞ்சு வலிக்குதா?"

"கேஸ் மாப்ள. உன் முகத்தைப் பாத்தாலே உண்டாகுது."

"ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமே."

"நீ கத்தியை எடுத்துக்கிட்டு வர்றதா இருந்தா சொல்லு, நானும் வரேன்."

இதற்கு ரேடியோவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நல்ல பதில். சொன்னார். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலையாட்களும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில்தான், வயிற்றைப் பிடித்துச் சிரித்த அந்தக் கை சிரிப்பு முடிந்த பிறகும் கீழே இறங்காமல், மெல்ல மேலே நகர்ந்து நின்றது அவர் கண்ணுக்குள் வந்தது. அந்த நேரத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? அடுத்த ஜோக்கைத் தேடிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் சலூனைத் திறந்ததும் ரேடியோ முதல் வேலையாக நாற்காலியிலிருந்து தள்ளி, சுவரோரம் ஒரு மேசையும் ஸ்டூலும் போட்டார். அங்கே கத்திக்கு அனுமதியில்லை. பேச்சுக்கும் இல்லை. அவரும் எதிரில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்வார். முதலில் துணிந்து உட்கார்ந்தவர் தபால்காரர்தான். கொஞ்ச நேரம் போனதும் நெளிந்தார்.

"என்னங்க, வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

ரேடியோ இல்லையென்று தலையசைத்தார்.

"எனக்கு ஏதாவது பெரிய வியாதியா? தெரிஞ்சா சொல்லிடுங்க. இப்படிச் சும்மா இருக்காதீங்க."

பேசாமல் இருப்பது இத்தனை பெரிய வேலை என்று ரேடியோவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நாக்கு அரித்தது. தெருவில் ஒரு ஆள் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு போனான். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது பாவம் என்று தோன்றியது. ஆனால் பிடிவாதமாக உட்கார்ந்தார். எண்ணை வாய்விட்டுக் கத்தாமல், வந்தவர் மட்டும் பார்க்கும்படி மெஷினைத் திருப்பி வைத்தார். மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். ரேடியோ வாயை மூடிக்கொண்டு இருப்பதைப் பார்க்கவே சிலர் வந்தார்கள். வந்ததற்குக் கையையும் நீட்டிவிட்டுப் போனார்கள். மேசையில் எதிரும் புதிருமாகச் சும்மா இருக்கும்போது சிலர் தாங்களாகவே ஏதேதோ சொல்ல ஆரம்பித்தார்கள். தூக்கம் வருவதில்லை, படியேறினால் இரைக்கிறது, மாத்திரையை நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷமாக இதே ஆட்களுக்கு முடி வெட்டியும் இதில் ஒன்றையும் கேட்டதில்லையே என்று ரேடியோவுக்கு வெட்கமாக இருந்தது. கேட்பதற்கு இடைவெளி விட்டால்தானே?

மச்சான் மட்டும் வரவில்லை. முடி வெட்டவும் வரவில்லை. ஒருநாள் தெருவில் எதிரே வந்தவரின் பிடரியைப் பார்த்த ரேடியோவுக்குப் பகீரென்றது. வேறு ஆள் கத்தரி. அதுவும் கோணல். தங்கையின் புருஷன் சலூன் வைத்திருக்கும்போது வேறு கடையில் போய் உட்கார்ந்திருக்கிறார் என்றால், மனுஷன் எதற்கோ நன்றாகவே பயந்திருக்கிறார்.

மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, மெஷினைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பேக்கரிக்குப் போனார். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். மச்சான் மாவு மூட்டை மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். ரேடியோ மெஷினை மாவு பிசையும் மேசை மேல் வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தார். வாயை மூடிக்கொண்டார்.

"வாய்யா. என்ன, கடையே நடந்து வருது?"

ரேடியோ மெஷினைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தார்.

"தங்கச்சி அடிச்சாளா? அடிச்சாத்தான் நீ சத்தம் போடுவியே."

இதற்கு ரேடியோவின் நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. கடித்து விழுங்கினார். அடுப்பு ஆறிக்கொண்டிருந்ததில் இரும்புக் கதவு டக், டக் என்று சத்தம் போட்டது. ஈரத்துணி போர்த்திய மாவு, யாரும் பார்க்காதபோது கொஞ்சம், பார்த்தபோது சும்மா என்று பொங்கிக்கொண்டிருந்தது. மச்சான் இன்னொரு ஜோக் சொன்னார். அது அவ்வளவு நன்றாக இல்லை. தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது.

"ஏதாவது பேசேன் மாப்ள."

மேசைக்கு அடியில் ரேடியோவின் கை முட்டியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"நீ பேசிக்கிட்டு இருந்தா எனக்கு ஒண்ணும் தோணாதுய்யா. இப்படி உக்காந்தா என்னென்னமோ தோணுது."

மச்சானின் முகத்தில் மாவு பூசியிருந்ததால், நெற்றியில் வேர்வை இறங்கிய வழி தனியாகக் கோடு போட்டது போலத் தெரிந்தது. அடுப்பு ஆறிய நேரத்தில் எதற்கு இவ்வளவு வேர்வை? பட்டையைச் சுற்றலாமா என்று நீண்ட ரேடியோவின் கை நின்றது. நெஞ்சில் ஏதாவது என்றால் அளந்துகொண்டு உட்காராதீங்க, அப்படியே கூட்டிட்டு வாங்க என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். அப்போது வெறுமனே தலையாட்டிக் கேட்ட அந்த வார்த்தை இப்போதுதான் காதில் விழுந்தது.

மச்சான் கிளம்புகிறவர்போல எழுந்தார். இடுப்பில் கட்டிய ஏப்ரன் முடிச்சை அவிழ்க்க இடது கையைப் பின்னால் கொண்டுபோனார். பாதியில் கை நின்றது. ரேடியோ எழுந்து அவர் முதுகுப்பக்கம் போனார். ஆயிரம் கழுத்துகளில் துணி கட்டி அவிழ்த்த விரல்கள்தான், முடிச்சு இலகுவாகத்தான் இருந்தது, ஆனாலும் இரண்டு தடவை வழுக்கியது. ஏப்ரன் கீழே விழுந்தபோது அதிலிருந்த மாவு புகைபோல எழுந்து இருவர் செருப்பின் மேலும் இறங்கியது.

"மச்சான்" என்றார் ரேடியோ. பேசி வெகுநேரமானதில் குரல் கரகரத்தது. "வலிக்குதா?"

மச்சான் திரும்பவில்லை. கேஸ் என்று சொல்லப்போகிறார் என்று ரேடியோ காத்திருந்தார்.

"வலிக்குதுடா. ஒரு மாசமாச்சு" என்றார் மச்சான். "இப்பவும்தான்."