கடுக்கன் போட்ட ஆள்

அமெரிக்காவில் வேலை போய் நாற்பத்தொரு நாள் கழித்து வந்த ஒரே ஆஃபர் லெட்டரில், சம்பளத்தை விட்டுவிட்டு நான் பார்த்தது அந்த முத்திரையைத்தான். ஜெர்மனியில் ஒன்பதாயிரம் பேர் இருக்கும் ஊர். அதன் குடிநீர் அலுவலகத்தில் என் கணவர் சபரிநாதனுக்கு வேலை. தாளின் உச்சியில் மஞ்சள் கேடயம். அதில் கரிய முகம், சுருட்டை முடி, காதில் தங்கக் கடுக்கன். கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை.

"ஹூ இஸ் தட்? ஹி லுக்ஸ் லைக் மீ," என்றாள் ஓவியா. ஏழு வயது. என் நிறம் அவளுக்கு. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் ஈரோட்டில் மூன்று குடும்பம் பஜ்ஜியைத் தின்றுவிட்டு எழுந்துபோனது. சபரியும் அதே கறுப்புதான், அவரை எவரும் வேண்டாமென்று சொன்னதில்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"ஏங்க, வெள்ளைக்காரன் ஊர்ல இவருக்கு என்ன வேலை? வெட்டின தலையா, கும்பிடுற தலையா?"

"அது ஊரோட லோகோ, சாந்தி. ஃப்ரைடேக்குள்ள சைன் பண்ணணும். இல்லன்னா விசா கெடு முடிஞ்சு பத்தொம்போது நாள்ல மூட்டை கட்டணும். நீ தலைய ஆராய்ச்சி பண்ணிட்டிருக்க!"

நான் விடுவேனா? ஃபோனிலேயே என் கேள்வியை ஜெர்மனுக்கு மாற்றி அந்த நகராட்சிக்கு எழுதினேன். மறுநாள் ஓவியாவைப் பள்ளியில் விட்டுவிட்டு இர்விங் நகரில் எங்கள் அப்பார்ட்மென்டுக்குத் திரும்பினால், அந்த நகராட்சியில் பழைய ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி பக்கம் பக்கமாகப் பதில் போட்டிருந்தார். அப்பாவிகளைக் கொல்ல மறுத்துத் தன் தலையைக் கொடுத்த எகிப்து வீரர், புனிதர் என்று ஒரு கதை. சிலுவைப் போரில் வெட்டிக் கொண்டுவந்த தலை என்று இன்னொன்று. யாரோ வணிகர் வீட்டு வாசலில் இருந்த அடையாளம் என்று மூன்றாவது. ஐநூறு வருஷத்து மெழுகு முத்திரையில் ஆள் இருக்கிறார், காரணம் எந்த ஏட்டிலும் இல்லை. இப்போது அவரை எடுத்துவிடலாமா என்று ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறதாம்.

அடக் கடவுளே, இத்தனை நாள் வைத்திருந்தும் யாரென்று தெரியாதா!

எனக்குப் பயமாக இருந்தது. பூசி மெழுகாமல் கேட்டேன். நாங்கள் மூன்று பேர், மூவரும் ஏறக்குறைய அவர் நிறம். மகள் அங்கே பள்ளிக்குப் போகவேண்டும். எங்களைப் போல உங்கள் ஊரில் எத்தனை பேர்?

வெள்ளிக்கிழமை காலையில் பதில் வந்தது.

"எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். நீங்கள் வந்தால் நான்கு."

சிரித்துக்கொண்டு எழுதினாரா, கூச்சத்தோடு எழுதினாரா, தெரியவில்லை. ஃபோனைச் சபரியிடம் நீட்டினேன். படித்தார். லேப்டாப்பில் கையெழுத்துக் கட்டத்தின் மேல் விரலை வைத்தபடி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.